கோட்டுக்கு இந்தப் பக்கம்

நெவில் ஹாடோவுக்கு உட்காரத் தெரியாது. லண்டனை ஒட்டிய சிற்றூரான ஸ்டான்வெல் மூரில் இதை அறியாதவர்கள் இல்லை. பப்பில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் கவுண்டர் ஓரமாகக் காலை மாற்றி மாற்றி நின்றபடிதான் பீர் குடிப்பார். டீயை சமையலறை ஜன்னலோரம் நின்றே முடித்துவிடுவார். மனைவி மாரீன் அவரை விட்டு டெவன் பக்கம் போனபோது சொன்ன காரணங்களில் ஒன்று, "உன்னோட சேர்ந்து ஒரு சினிமாவ முழுசா பாத்ததில்ல" என்பது.

முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானங்களின் வயிற்றுக்குள் பெட்டி ஏற்றியவர் அவர். குனிந்து, தவழ்ந்து, உருட்டி, அடுக்கி, மறுபடி அடுத்த விமானத்துக்கு ஓடி. அந்தக் கால்களுக்கு ஏற்ற வேலை. ஓய்வு கிடைத்தபோது கால்களைத் தவிர மற்றதெல்லாம் ஓய்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஊர்க்காரர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார். காசு வாங்க மாட்டார். யாராவது ஸ்பெயினுக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். "எத்தன மணிக்கு?" என்று கேட்டு, சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். பாதி உடுத்திய நிலையில் கதவைத் திறந்து திட்டாதவர்கள் அந்த ஊரில் குறைவு.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. நெவில் வீட்டு மாடி ஜன்னலில் நின்றால் விமானங்களின் வால் வரிசையாகத் தெரியும். ஐந்தாம் டெர்மினலுக்குக் காரில் போவதற்குள் ரேடியோவில் ஒரு பாட்டு முழுதாக முடியாது.

அப்போதுதான் புகைக் கட்டணம் வந்தது.

பழைய வண்டிகள் லண்டனுக்குள் புகைவிட்டால் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை பவுண்டு. அதுவரை எங்கோ நகரத்தின் நடுவில் இருந்த எல்லையை, ஓர் ஆகஸ்ட் மாதத்தில் இழுத்து இழுத்து விமான நிலையத்தையும் உள்ளே போட்டுக்கொண்டார்கள். ஸ்டான்வெல் மூர் வெளியே நின்றுவிட்டது. ஊர் ஒரு மாவட்டம், டெர்மினல் இன்னொன்று. நடுவில் ஒரு ரவுண்டானா. தரையில் கோடு எதுவும் கிடையாது. ரவுண்டானாவைத் தாண்டியதும் கம்பத்தில் ஒரு கேமரா, அவ்வளவுதான். ஆனால் ஊரில் எல்லோரும் அதைக் கோடு என்றே சொன்னார்கள்.

கட்டணம் வந்த அன்று பப்பில் நெவில் பேசியது பிரபலம். வழக்கம்போல நின்றுகொண்டே, கையில் பாதிக் கோப்பையோடு பேசினார்.

"என் காரு அந்தக் கோட்டத் தாண்டாது. எங்கிட்டேருந்து ஒரு பென்னி போகாது. நான் செத்தா என்னக் கோட்டுக்கு இந்தப் பக்கமே பொதைச்சிடுங்க."

"எழுதிக் குடுய்யா" என்றார் அவருடைய நண்பர் கிளிஃப், கூரை வேலை பார்க்கிறவர்.

நெவில் எழுதிக் கொடுத்தார். பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையில், 'கோட்டைத் தாண்டேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பப் நடத்தும் டெனீஸ் அதைப் பாட்டில்களுக்கு மேலே குண்டூசியால் குத்தி வைத்தாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, ஓரத்தில் பழுப்பேறி.

வண்டி நம்பரைப் போட்டால் கட்டணம் உண்டா இல்லையா என்று சொல்வதற்கு ஒரு வெப்சைட் இருந்தது. நெவில் அதைத் திறந்ததே இல்லை. "நானே அவன் வாசல்ல போய் நின்னு, ஐயா இதுதான் என் நம்பருன்னு சொல்லணுமா? அதுக்கு வேற ஆளப் பாரு" என்பார். தவிர, பார்க்க என்ன இருக்கிறது? கிளிஃபின் டீசல் வேன் வாங்கிப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்கே கட்டணம். நெவிலுடைய பச்சைக் காருக்கோ இருபது வயது தாண்டிவிட்டது. கதவு மூடும்போது துருப்பொடி உதிரும். பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். அதற்குச் சொல்லவா வேண்டும்?

ஆனால் கால்கள் சும்மா இருக்கவில்லை. ஊர்க்காரர்களைக் கொண்டுபோய் விடுவதை அவர் நிறுத்தவில்லை. கோட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசி பஸ் நிறுத்தம் வரை என்று சுருக்கிக்கொண்டார். அங்கே பெட்டிகளை இறக்குவார், பஸ் வரும்வரை காரைச் சுற்றிச் சுற்றி நடப்பார், ஏற்றிவிட்டுத் திரும்புவார். பயணம் போகிறவர் யாரும் இல்லாத நாட்களில் வெறுமனே வண்டியை எடுத்துக்கொண்டு ரவுண்டானா வரை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். கயிற்றின் நீளம் முழுவதும் மேய்ந்து பார்க்கிற ஆடு மாதிரி.

"நெவில் உன்ன சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போவான்" என்று கிளிஃப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். "ஆனா வாசலுக்கு ஒரு மைல் முன்னாடி எறக்கி விட்டுடுவான். அங்கேருந்து பஸ்ஸு."

நெவிலும் சிரிப்பார். அவருக்கு அந்தக் கேலியில் ஒரு பெருமை இருந்தது.

சிரிப்பு வராத விஷயம் ஒன்றும் இருந்தது. அது டாம்ஸின்.

ஒரே மகள். அப்பாவின் கால்கள் அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தன; அவர் ரவுண்டானா வரை போனால் அவள் சிலி வரை போனாள். படகுகளில் சமையல் வேலை. கோடு வந்த அடுத்த இலையுதிர் காலத்தில், மழை கொட்டிய ஒரு காலை அவளை வழியனுப்பினார். தனக்காக அப்பா ஒருமுறை உள்ளே வருவார் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்கவில்லை, நினைத்திருந்தாள். கார் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, "நிஜமாவா?" என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் முதுகுப்பையின் பட்டை கதவிடுக்கில் மாட்டிக்கொள்ள, ஓட்டுநர் மறுபடி திறந்து மூடினார். கண்ணாடி முழுக்க ஆவி. நெவில் கையைத் தூக்கினார். யாரைப் பார்த்துத் தூக்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அதன்பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. எப்போதாவது படகுப் படம் ஒன்று அனுப்புவாள். இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவார். அப்படியே ஒன்றரை வருடம் ஓடிப்போனது.

மார்ச் மாதத்தில் ஒரு செய்தி வந்தது. பப்பில் நின்றுகொண்டிருந்தவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

'ஞாயித்துக்கிழம மதியம் ஹீத்ரோல எறங்கறேன். சாயங்காலம் நார்வே ஃப்ளைட். நடுவுல நாலஞ்சு மணி நேரம் இருக்கு. வீட்டுக்கு வரேன், நீ உள்ள வந்து கூட்டிட்டுப் போனா. பஸ் ஸ்டாப்புல வந்து நிக்க மாட்டேன். உன்னால முடியலன்னா பரவால்ல, டெர்மினல்லயே காபி குடிச்சிட்டுக் கெளம்பிடறேன்.'

நெவில் கைபேசியைப் பைக்குள் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார்.

"என்ன கண்ணு, கெட்ட சேதியா?" என்றாள் டெனீஸ்.

"பொண்ணு வரா."

"அட, நல்ல சேதிதான! அதுக்கேன் மூஞ்சிய மூணு மொழம் நீட்டுற?"

நெவில் பாட்டில்களுக்கு மேலே பார்த்தார். டெனீஸும் அவர் பார்வையைத் தொடர்ந்து அந்த அட்டையைப் பார்த்தாள். கோப்பை துடைக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் ரவுண்டானா வரை போய் வந்தார், ஒருநாள் இரண்டு முறை. நடந்தே போய் அவளை அழைத்து வரலாமா என்று வயல் வழியாக நடந்து பார்த்தார். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் முழங்கால் சேறு. டாக்ஸி பிடிக்கலாம்தான். ஆனால் அவள் கேட்டது டாக்ஸியை அல்ல. ஐந்தாவது முறை செய்தியைப் படித்தபோதுதான் 'பரவால்ல' என்ற சொல் அவரை அறுத்தது. அவள் நிஜமாகவே அப்படி நினைத்துவிட்டால்? வாசலுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து, காபி குடித்துவிட்டு, பரவாயில்லை என்று போய்விட்டால்?

'வரேன்' என்று பதில் அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் போய், வெட்ட வேண்டாத வேலிச் செடியையெல்லாம் வெட்டித் தள்ளினார்.

ஞாயிறு காலை கோழியை ஓவனில் வைத்தார், சுற்றிலும் உருளைக்கிழங்கு. நெருப்பை நன்றாகக் குறைத்தார். கதவைப் பூட்டினார். மறுபடி திறந்து உள்ளே போய் இன்னும் கொஞ்சம் குறைத்தார். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

யாரும் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு போகிறவன் கண்ணில்தான் எல்லோரும் படுவார்கள். கடைசி பஸ் நிறுத்தத்தில் கிளிஃப், நாயோடு. தெரிந்த பச்சைக் காரைக் கண்டதும் வழக்கம்போல நிற்கும் என்று நினைத்து இரண்டடி முன்னால் வந்து கையைத் தூக்கினார். கார் நிற்கவில்லை. ரவுண்டானாவில் ஏறியது. வழக்கமாகத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் நெவில் பார்த்தார்: கிளிஃபின் கை தூக்கியபடியே இருந்தது, வாய் திறந்தபடியே இருந்தது. நாய் மட்டும்தான் அடுத்த வேலையைப் பார்க்கப் போனது.

கேமராக் கம்பம் வந்தது. நெவில் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எதுவும் மின்னவில்லை, எதுவும் சத்தம் போடவில்லை. தாண்டிய பிறகும் சிறிது தூரம் மூச்சு விடாமலே ஓட்டினார்.

அந்தக் கட்டடத்துக்குள் பயணிகள் வருகிற வழியில் அவர் நின்றதே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடியில் இருக்கிற இடம்: பெல்ட்டுகள், டீசல் வாடை, பெட்டிகளில் ஒட்டிய ஊர்ப்பெயர்கள். இங்கே மேலே, அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் முகங்கள் இருந்தன. தடுப்புக் கம்பியருகே பலூன் வைத்திருந்த குடும்பத்துக்கும் பெயர்ப்பலகை ஏந்திய ஓட்டுநர்களுக்கும் நடுவே இங்கும் அங்கும் நடந்தார்.

"கொஞ்சம் ஒரு எடத்துல நில்லுங்களேன் சார், தல சுத்துது" என்றான் ஓர் ஓட்டுநர்.

"முடியாதுப்பா. கம்பெனியே அப்படித்தான் செஞ்சு அனுப்பிச்சது."

கதவு திறந்து திறந்து மூடியது. பிறகு அவள் வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், மூக்கெல்லாம் வெயிலில் தோலுரிந்திருந்தது. தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லாய். வந்தவள் கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கார்லயா வந்த?"

"கார்லதான்."

"பச்ச கார்ல?"

"என்கிட்ட வேற ஏது?"

"கேமரா பாத்துதா?"

"நேரா மூஞ்சியப் பாத்துது. நானும் அதப் பாத்தேன்."

டாம்ஸின் கம்பிக்கு மேலாகவே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "எனக்காகப் பணம் கட்டப் போற! நீ!" என்றாள் அவர் காதுக்குள். "படகுல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

திரும்பும் வழி முழுக்க இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், ரேடியோவைத் திருகினாள், காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்தாள், எடுத்தாள். ரவுண்டானாவைத் தாண்டியபோது பஸ் நிறுத்தத்தில் கிளிஃப் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"கிளிஃப் மாமா ஏன் இப்படி நிக்கறாரு? உடம்பு சரியில்லயா?"

"என் சவ ஊர்வலத்தப் பாக்கறாரு. கையக் காட்டு."

அவள் கையைக் காட்டினாள். கிளிஃப் தொப்பியைக் கழற்றினார்.

வீட்டில் கோழி தயாராக இருந்தது. அப்பாவும் மகளும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு மேடையருகே நின்றே சாப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசை தன் நான்கு நாற்காலிகளோடு சும்மா இருந்தது. டாம்ஸின் கையில் ஒரு கோழிக்காலோடு மாடிக்குப் போனாள், தன் அறையைப் பார்த்தாள், இறங்கி வந்தாள், பின்கதவைத் திறந்து, "வேலிய யாரு இப்படிச் செரச்சு வெச்சது?" என்று கத்தினாள். உருளைக்கிழங்கு கேட்டாள். நார்வேயில் மீன்பிடிப் படகு, முப்பது பேருக்குச் சமையல், கோடை முடியும்வரை வேலை என்றாள். அதற்கு அப்புறம்? தெரியாது. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் என்ன என்று கேட்கிற வீடே இல்லை அது.

"சரி, பணத்தக் கட்டிடலாம்" என்றாள் கையைக் கழுவிக்கொண்டே. "உன்ன நம்பி விட்டா மறந்துடுவ. அப்புறம் அபராதம் வரும், அத எதுத்து நீ கோர்ட்டுக்குப் போவ."

"நீயே கட்டு. அந்த வெப்சைட்டுல நான் கால் வெக்க மாட்டேன். கார்டு அதோ, டீ டப்பாக்குப் பின்னால."

அவள் ஜன்னலில் சாய்ந்து கைபேசியில் தட்டினாள். வெளியே பார்த்துக் காரின் நம்பரைப் போட்டாள். நெவில் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். தண்ணீர் கொதித்து, கெட்டில் தானாக அணைந்தது. அவள் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஏத்திட்டானுங்களா?"

"அப்பா. இது பெட்ரோல் வண்டிதான?"

"பின்ன? அது குடிக்கிறதப் பாத்தா தெரியல?"

"ஒண்ணும் கட்ட வேணாமாம்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னா?"

"ஞாயிறு இல்ல. எப்பவுமே. இந்த வண்டிக்குக் கட்டணமே கெடையாதாம். கிளிஃப் மாமாவோடது டீசல், அதுக்கு வேற கணக்கு. பெட்ரோல்ல ரொம்பப் பழசுதான் மாட்டுமாம். உன்னுது மாட்டல." அவள் நிமிர்ந்தாள். "மொதல் நாள்லேருந்தே மாட்டல."

நெவில் கைபேசியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். அவருடைய காரின் நிறமேதான்.

அவருக்கு முதலில் தோன்றியது பப். பாட்டில்களுக்கு மேலே அந்த அட்டை. நடைவண்டியோடு தட்டுத்தடுமாறி பஸ் ஏறிய கிழவர்கள். ஊரே தூக்கிக் கொண்டாடிய அவருடைய பிடிவாதத்தை லண்டன் நகரம் கவனிக்கக்கூட இல்லை. அடிக்காதே அடிக்காதே என்று கையை உயர்த்தித் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரே ஆளே இல்லை.

இரண்டாவதாகத் தோன்றியதை டாம்ஸினே சொன்னாள்.

"அப்ப அன்னிக்கு? அந்த மழையில?"

நெவில் கைபேசியை மேடைமேல் வைத்தார்.

"ஒரு தடவ நம்பரப் போட்டுப் பாத்திருந்தா, என்ன வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டிருக்கலாம். அவ்வளவுதான், இல்ல?" குரல் உயரவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "நான் அங்க ஒன்றர வருஷமா என்ன நெனச்சிட்டிருந்தேன் தெரியுமா? சரி, எங்கப்பாவுக்கு ஒரு கொள்க இருக்கு, நம்மளவிட அது பெருசு, இருந்துட்டுப் போகட்டும்னு. இப்பப் பாத்தா கொள்கையும் இல்ல."

அவள் பின்கதவு வழியாக வெளியே போய் வெட்டிய வேலியோரம் நடந்தாள். முன்னும் பின்னுமாக. நெவில் உள்ளே மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்தார். கண்ணாடிக்கு இரு பக்கமும் ஒரே நடை. தலைக்கு மேலே ஒரு விமானம் போனது, இன்னொன்று போனது. கிடைத்த கொஞ்ச நேரமும் இப்படிக் கால்வழியே ஒழுகிப் போகிறதே என்று அவருக்குப் பதறியது.

கதவைத் திறந்துகொண்டு போனார்.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?" என்று அவளே கேட்டாள், திரும்பாமல். "கட்டணம் இல்லன்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கு உள்ள வந்திருப்பியா?"

ஆமாம் என்று சொல்வது சுலபம். வாயில் வந்துவிட்டது. ஆனால் வெட்டிப் போட்ட கிளைகளையும் அவள் தோலுரிந்த மூக்கையும் பார்த்தபோது அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"தெரியலம்மா" என்றார். "அன்னிக்கு பஸ்ஸு சட்டுனு வந்துச்சு பாரு, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

அவள் திரும்பினாள்.

"என் வேலை பூரா கீழதான். பொட்டி வரும், ஏத்துவேன், கதவ மூடுவேன். யாரு போறா, யாரு அழறா, எதுவும் தெரியாது. எனக்கு அந்த வரைக்கும்தான் வரும். வாசல்ல நின்னு, நீ உள்ள போறதப் பாத்துட்டு, அப்புறம் அந்தக் கையக் கொண்டு என்ன பண்றதுன்னு..." கையைத் தூக்கிக் காட்டினார். அது எங்கே போவதென்று தெரியாமல் பாதியில் நின்றது. "கோடு வந்தது எனக்கு வசதியாப் போச்சு. அதான் உண்ம."

டாம்ஸின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"லூசாப்பா நீ?"

"உங்கம்மாவும் அதத்தான் சொன்னா."

"அம்மா சொன்னது வேற வார்த்த." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாது என்று உதட்டைக் கடித்தும் வந்தது. உடனே முகத்தை மூடிக்கொண்டாள். "கோவம் போகல. சொல்லிட்டேன். கெளம்பு, நேரமாச்சு."

காரில் அவள் இந்த முறை ரேடியோவைத் தொடவில்லை. பஸ் நிறுத்தம் காலியாக இருந்தது. ரவுண்டானாவில் அவருடைய கால் பழக்கத்தில் பிரேக்கை அழுத்தியது.

"போப்பா" என்றாள் அவள்.

போனார். டெர்மினலின் முகப்பில் எல்லா வண்டிகளும் அவசர அவசரமாக ஆட்களை உதறிக்கொண்டிருந்தன. கதவுகள் திறந்தன, பெட்டிகள் விழுந்தன, முத்தம், கதவுகள் மூடின. மஞ்சள் சட்டைக்காரர் நிற்காதே போ போ என்று கையை வீசிக்கொண்டிருந்தார்.

"இங்கயே விட்டுடு, போதும். இதுலதான் உனக்கு வசதி. பஸ் மாதிரியே."

நெவில் வேகத்தைக் குறைத்தார். இடம் ஒன்று காலியானது. பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் அந்த இடத்தைத் தாண்டி, வண்டி நிறுத்தக் கட்டடத்துக்குள் திருப்பினார்.

"எங்க போற?"

"எறங்கறதுக்கு."

பாதுகாப்புச் சோதனை வாசல்வரை அவர் அவளுடைய பையைச் சுமந்தார். அவள் கேட்டும் தரவில்லை. பை தூக்குவது ஒன்றில்தான் அவருக்கு அந்தக் கட்டடத்தில் அனுபவம். அங்கே கொடுத்தார். அவள் அவரை அணைத்தாள், மதியம் கம்பிக்கு மேலாக அணைத்த மாதிரி இல்லை, கொஞ்சம் விறைப்பாக, ஆனால் கொஞ்சம் நேரமாக.

"சரி, கெளம்புப்பா. உனக்குத்தான் இது பிடிக்காதே."

"பிடிக்கலதான்."

"அப்ப?"

"நிக்கறேன். நீ போ."

வரிசை நீளம். கயிற்றுத் தடுப்புகளுக்குள் வளைந்து வளைந்து போனது. சிவப்புக் குல்லாய் ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது, ஒருமுறை அந்தப் பக்கம் போனது. நெவிலின் கட்டைவிரல் சாவிக்கொத்தை விடாமல் உருட்டியது. இடது கால் வலது காலை மிதித்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. வாசல் பின்னாலேயே இருந்தது. நின்றார்.

பையில் கைபேசி அதிர்ந்தது. கிளிஃப்.

"யோவ், எங்கய்யா இருக்க?"

"உள்ள."

"உள்ளன்னா? கோட்டுக்கு உள்ளயா? இன்னுமா?"

"இன்னும்தான்."

"டெனீஸு அந்த அட்டைய எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு நிக்கறா. கிழிக்கட்டுமான்னு கேக்கறா. எவ்வளவுய்யா புடுங்குனானுங்க?"

குல்லாய் வளைவில் திரும்பி மறுபடி தெரிந்தது. அவள் தேடினாள், அவர் இருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு புருவத்தை உயர்த்தினாள்.

"ஒண்ணும் புடுங்கலடா. புடுங்க ஒண்ணுமே இல்ல. வந்து சொல்றேன், நல்லா சிரிக்கலாம்."

"என்னய்யா ஒளர்ற?" என்றார் கிளிஃப். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்படின்னா... வர்ற வெள்ளிக்கிழம நான் ஸ்பெயின் போறேன்ல. வாசல் வரைக்கும் கொண்டாந்து விடுவியா?"

"விடறேன். இப்ப வெய்யி, எனக்குக் கை வேணும்."

வரிசையின் முனையில் டாம்ஸின் குல்லாயைக் கழற்றிப் பிளாஸ்டிக் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். நெவில் கைபேசியைப் பைக்குள் திணித்துவிட்டுக் கையைத் தூக்கினார். அவள் பார்க்கும்வரை இறக்கவில்லை.